ஏழாம் எண் பதில்

டிசம்பர் 3, புதன்

வலது கட்டைவிரலை மடக்க முடியவில்லை. போனில் தட்டித் தட்டி நரம்பு வீங்கிவிட்டதாம். டாக்டர் இரண்டு வாரத்துக்குப் போனைத் தொடாதே என்றார். என் வீட்டுக்காரர் இவர், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அலமாரியைக் குடைந்து, தான் வேலை பார்த்த பஸ் டெப்போவில் எப்போதோ கொடுத்த டைரி ஒன்றை என் மடியில் போட்டார். "எழுதாம இருக்க முடியாதுன்னா இதுல எழுது மங்கை. இதுல எவனும் உனக்கு எதிர்ப்பதில் போட மாட்டான்" என்றார். பேனா பிடித்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் யார் என்று டைரிக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன், எழுதுவதை முறையாக எழுதிப் பழகிய கை. மங்கையர்க்கரசி, வயது அறுபத்தைந்து. முப்பத்தொரு வருடம் ஏரிகளின் நீர்மட்டத்தை வரைபடத் தாளில் ஏற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல், பெயருமில்லாமல் செய்கிறேன். 'ஆலந்தாங்கல் பேச்சு' என்று எங்கள் ஊருக்கென்று ஒரு இணைய அரங்கம் இருக்கிறது. குப்பை வண்டி வரவில்லை, கல்யாண மண்டபத்துக்காரன் ரோட்டை அடைக்கிறான், எல்லாம் அங்கேதான். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அங்கே என் பெயர் 'அளவுகோல்'.

போன வாரம் வியாழக்கிழமை வெள்ளம் வந்தது. எங்களுக்கு இரண்டாவது மாடி, மேட்டுத் தெரு, ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தில் இருக்கும் நான்கு தெருக்களில் ஆள் மட்டத்துக்கு நின்றது.

டாக்டர் சொல்லியும் கேட்காமல் இன்று மட்டும் ஐந்து புளுகுகளுக்குப் பதில் போட்டேன். ஏரியில் முதலை என்று ஒருவன் படம் போட்டிருக்கிறான். அது எந்த நாட்டு முதலையோ, பின்னால் பனைமரம்கூட இல்லை.

அரங்கத்தில் 'தரைத்தளம்' இன்றும் எழுதவில்லை.


டிசம்பர் 4, வியாழன்

தரைத்தளம் எழுதவில்லை. பள்ளத் தெருக்களில் கரண்ட் இன்னும் வரவில்லையாம். போன் நனைந்திருக்கும்.


டிசம்பர் 6, சனி

பள்ளத் தெருக்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது.

தரைத்தளம் யார் என்று எனக்குத் தெரியாது. அரங்கத்தில் அவள் பெயர் அது. பெண் என்பது மட்டும் தெரியும், மாமியாரோடு இருப்பதாகச் சொல்லுவாள். ஆறு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் ஒரே கேள்வி. "அளவுகோல் சார், இருக்கலாமா, கிளம்பணுமா?" நான் 'சார்' இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஊர்ப்பட்ட தப்பையெல்லாம் திருத்தும் எனக்கு அந்த ஒரு தப்பு வசதியாக இருந்தது. சார் என்று நினைத்தால்தான் பாதிப்பேர் வாயை மூடுகிறார்கள்.

மூன்று வருடம் முன்பு அவள் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். அதிலிருந்து கேள்வி கொஞ்சம் நீண்டது. "எங்க அத்தைய மாடி வீட்டுக்குத் தூக்கணும்னா ஆட்டோ ஸ்டாண்டுல நாலு பேரக் கூப்பிடணும் சார். அவங்களுக்கும் உடம்பு வலிக்கும், கத்துவாங்க. அதான் கேக்கறேன், தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க." ஏரி உடைந்தது, ஏரி உடைந்தது என்று மழைக்கு மழை பத்துப் பேர் கிளப்பிவிடுவார்கள். நான் மட்டத்தைப் போட்டு, இருக்கலாம் என்பேன். அவள் இருப்பாள். மறுநாள் நன்றி சொல்லுவாள். அந்த அரங்கத்தில் நன்றி சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அந்தக் கிழவியை எத்தனை முறை வீணாகத் தூக்கவிடாமல் காப்பாற்றினேன் என்று மனசுக்குள் எண்ணி வைத்திருந்தேன். பதினொரு முறை.

இன்று பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வழிந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றுகொண்டே இருந்தேன். இவர் வந்து குழாயை மூடினார். "என்னம்மா, மட்டம் பாக்கறியா?" என்று கேலி செய்தார்.


டிசம்பர் 8, திங்கள்

எழுதிவிடுகிறேன். எவனும் எதிர்ப்பதில் போடப்போவதில்லை.

என்னிடம் தயார் பதில்கள் பதினான்கு இருக்கின்றன. போனில் தனிக் குறிப்பாக, எண் போட்டு. மூன்று முதலைக்கு. ஐந்து ஏரிக்கடியில் சுரங்கம் இருக்கிறது என்பவர்களுக்கு. ஒன்பது 'பெரிய அதிகாரி பேசுகிறேன்' என்று சுற்றும் குரல் பதிவுக்கு. அதே புளுகு, அதே ஆட்கள், அதே திட்டு. ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுத மனுஷிக்குத் தெம்பு வேண்டாமா? நாலு வருடம் முன்பு பக்கம் பக்கமாக விளக்குவேன். வரைபடம் போடுவேன். அதைப் படித்துவிட்டு ஒருவன், "நீ யாருடா காசு வாங்கிட்டுப் பேசறவன்" என்று எழுதுவான். அப்படியே அலுத்துப் போனது. எண்ணைப் பார்த்து ஒட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

ஏழாம் எண் ஏரி உடைந்தது என்பவர்களுக்கு. அது இப்படி:

"இது வதந்தி, நம்ப வேண்டாம். ஆலந்தாங்கல் ஏரியின் மட்டம் ___ அடி. முழு மட்டம் 18 அடி. கரை பலமாக இருக்கிறது. உபரி நீர் கலங்கல் வழியாகத்தான் போகும். பயப்படாமல் வீட்டிலேயே இருக்கலாம்."

கோடிட்ட இடத்தை நிரப்பத்தான் ஏகாம்பரத்துக்குப் போன் செய்வேன். ஏகாம்பரம் ஏரியின் லஸ்கர், மதகைத் திறந்து மூடுகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே பழக்கம். நேரே கரைக்குப் போய், அளவுக்கல்லில் பார்த்து, "பதினஞ்சு ரெண்டு மேடம்" என்பார். கேட்காமல் நான் ஒரு நாளும் எண் போட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குக் கேட்டேன். பதினான்கு புள்ளி எட்டு அடி. மதியம் சாப்பிட்டு எழுந்தபோது தரைத்தளம் கேட்டிருந்தாள். "சார், மேலேரி ஒடஞ்சிடுச்சின்னு சொல்றாங்க. ஆட்டோ ஸ்டாண்டுல ஆள் இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

எங்கள் ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் மேலேரி உடைந்தது என்பதும் மழைக்கு மழை கேட்கிற பேச்சுதான். கண் சொருகியது. போனை எடுத்து ஏகாம்பரத்தைக் கூப்பிட வேண்டும், அவர் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போக வேண்டும், திரும்பக் கூப்பிட வேண்டும். காலை மட்டத்தையே போட்டு ஏழாம் எண் பதிலை ஒட்டினேன். மணி ஒன்று நாற்பது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மேலேரி உண்மையாகவே உடைந்திருந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது.


டிசம்பர் 10, புதன்

ஏகாம்பரத்தைப் பார்க்கக் கரைக்குப் போனேன். கலங்கலில் தண்ணீர் இன்னும் மெல்லியதாக வழிகிறது. ஏகாம்பரம் மெலிந்துவிட்டார். அன்று தனியாளாய் இரண்டு மதகையும் திறந்திருக்கிறார், கை தோலெல்லாம் உரிந்திருக்கிறது.

"மேலேரித் தண்ணி வந்து மோதுன வேகத்துல கரையே ஆடிச்சி மேடம். தொறக்கலன்னா இதுவும் போயிருக்கும், மொத்த ஊரும் போயிருக்கும்" என்றார். பிறகு, "உங்களுக்குப் போன் அடிச்சேனே. மூணு வாட்டி அடிச்சேன். ஒன்னேமுக்கா இருக்கும். நீங்க நாலு பேருக்குச் சொல்வீங்களே, அதான்" என்றார்.

"தூங்கிட்டேன் ஏகாம்பரம்."

"அதனால என்ன மேடம், வயசு ஆவுதில்ல" என்றார். அந்த மனுஷன் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

கிளம்பும்போது பள்ளத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்டேன். "ஒரு பாட்டி போயிட்டாங்கன்னு சொல்றாங்க. ஒருத்தன் நாப்பது பேருன்றான். எத மேடம் நம்பறது?" என்றார்.

என்னையே கேட்கிறார்.


டிசம்பர் 12, வெள்ளி

அரங்கத்தில் எந்தப் பேச்சும் பத்து நாளுக்கு மேல் நிற்காது. தானாக அழிந்துவிடும். எழுதியவர் கணக்கில் மட்டும் அவரவர் எழுதியதன் நகல், அது எந்தக் கேள்விக்குப் பதிலோ அதோடு சேர்ந்து இருக்கும், அதை வேறு யாரும் பார்க்க முடியாது. ஆக, அந்த வியாழக்கிழமை அரங்கத்திலிருந்து போய்விட்டது. என்னிடம் மட்டும் இருக்கிறது.

இன்று 'கரைக்காவல்' என்கிற ஒருவன் ஒரு படம் போட்டிருக்கிறான். அன்றைய பக்கத்தைப் போனில் பிடித்துவைத்த படமாம். அளவுகோல், மணி 1.40. கீழே:

"மேலேரி உடைந்தது உண்மை!!! உடனே கிளம்பவும்!!! மட்டம் 17.5!!!"

நான் எழுதவே இல்லை. யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறான். என் ஆயுளில் ஒரு இடத்தில்கூட மூன்று ஆச்சரியக்குறி போட்டவள் இல்லை நான். எண் போட்டால் பக்கத்தில் அடி என்று போடாமல் விட்டவளும் இல்லை.

அதற்குக் கீழே நூற்று எழுபது பேர். "அளவுகோல் சார் தெய்வம்." "சார் சொல்லித்தான் நாங்க கிளம்பினோம்." இப்படி எழுதுகிறவர்கள் எதைப் பார்த்துக் கிளம்பினார்கள்? சத்தியமாகத் தெரியவில்லை. அவர்களுக்கே அப்படி ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

பதில் எழுதப் பெட்டியைத் திறந்தேன். 'இது வதந்தி' என்று தட்டினேன். விரல் வலித்தது. மூடிவிட்டேன்.


டிசம்பர் 13, சனி

திருத்தவில்லை.


டிசம்பர் 15, திங்கள்

இவருக்கு யாரோ டீக்கடையில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஊரே உன்னக் கொண்டாடுது, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? வாய் வரைக்கும் வந்துடுச்சி, அது என் பொண்டாட்டிதான்டான்னு. கஷ்டப்பட்டு முழுங்குனேன். அன்னிக்கு நீ சாப்ட்டுத் தூங்கிட்டன்னுல்ல நெனச்சேன், போட்டுட்டுத்தான் தூங்குனியா?"

"ம்" என்றேன்.

முப்பத்தாறு வருடத்தில் இவரிடம் சொன்ன பொய்கள் எல்லாம் சேலை விஷயமாகத்தான் இருந்திருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடிக்கும் என்று அவரே அடை ஊற்றினார். இரண்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் நடக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. பால் காய்ச்சினால் வருகிறது, கதவைச் சாத்தினால் வருகிறது. குரல்கூடக் கிடையாது. அவள் குரலை நான் கேட்டதே இல்லையே. எழுத்தாகத்தான் வருகிறது. கூப்பிடட்டுமா? கூப்பிடட்டுமா?


டிசம்பர் 18, வியாழன்

மார்கழி பிறந்து மூன்று நாள். காலை ஆறரைக்கு அளக்கும் டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பள்ளத் தெருக்களுக்குப் போனேன். இவரிடம் நடைப்பயிற்சி என்றேன்.

ஆறு வருடத்தில் தரைத்தளம் தன்னை அறியாமல் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்திருந்தேன். வாசலில் மூன்று படி. எதிரில் பால் பூத். முதல் தெருவில் பால் பூத் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. வெள்ளம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தெருவெல்லாம் மெத்தையும் அலமாரிக் கதவும் காய்கிறது. ஆனாலும் பெண்கள் விடவில்லை. சேற்றைக் கழுவி, சாணம் தெளித்து, வீட்டுக்கு வீடு கோலம். பரங்கிப்பூ கிடைக்காமல் செம்பருத்தியை வைத்திருக்கிறார்கள். பூத்துக்கு எதிரே ஒரு வாசலில் மட்டும் கோலம் இல்லை. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. மூன்று படி.

பக்கத்து மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தனபாக்கியம் அம்மாள், வயது 74, தோற்றம் இன்னது, மறைவு நவம்பர் 27. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பேரன் பேத்தி யாருக்கோ காதுகுத்தில் எடுத்த படமாக இருக்கும், பின்னால் வாழைமரம் தெரிந்தது.

திரும்பிவிட்டேன். நான்கு வீடு தாண்டினேன். அப்புறம் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பவும் வந்தேன்.

நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் ஒன்றும் இல்லை. நான் வாய் திறக்குமுன்னே என் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "தண்ணி அளக்க வந்தீங்களா மேடம்? வாங்க" என்றாள். ஆமாம் என்றேன். ஏரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், வெள்ளம் ஏறிய அளவைக் குறித்து வைக்கிறேன் என்றேன். அதுவும் பொய் இல்லை, இதற்கு முன்னால் எத்தனையோ வெள்ளத்துக்கு அப்படிக் குறித்திருக்கிறேன்.

உள்ளே சுவரில் பழுப்புக் கோடு நேராக ஓடியது. டேப்பின் ஒரு முனையை அவளே குனிந்து தரையில் பிடித்துக்கொண்டாள். நான் மேல்முனையைக் கோட்டில் வைத்தேன். நான்கு அடி இரண்டு அங்குலம். மூலையில் வெறும் இரும்புக் கட்டில் நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் காலையும் கண் அளந்துவிட்டது. ஒன்றே முக்கால் அடி.

அவள் பெயர் குணவதி. கேட்காமலே சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது வரிசையாக வந்தது.

"அவரு வேன் ஓட்டறாரு மேடம், அன்னிக்கு வெளியூரு. நானும் எங்க அத்தையும்தான். கட்டில்ல தண்ணி ஏறுனதும் டேபிள் மேல தூக்க பாத்தேன், முடியல. தலய மட்டும் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ரெண்டு மணி நேரம் மேடம். கத்துறேன், மழ சத்தத்துல யாருக்கும் கேக்கல. என் கை மரத்துப் போச்சி. அவங்க எங்கிட்ட, 'போதும் குணா, விட்டுட்டு நீ மேல போ'ன்னாங்க. நான் விடல. ஆளுங்க வந்து தூக்கும்போது உசுரு இருந்துது. ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

நான் டேப்பைச் சுருட்டினேன். என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்கூட்டி யாரும் சொல்லவில்லையா என்று கேட்டிருப்பேன் போல. அப்படிக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது?

"சொன்னாங்க மேடம்" என்றாள். "நெட்டுல ஒரு சார் இருக்காரு. தங்கமான மனுஷன். எப்பவும் அவரக் கேட்டுத்தான் செய்வேன். அன்னிக்கும் கேட்டேன். கெளம்புன்னுதான் போட்டிருக்காரு. எனக்கு என்னமோ இருக்கலாம்னு படிச்ச மாதிரி ஞாபகம். பயப்படாம வீட்லயே இருக்கலாம்னு. அப்பிடித்தான் கண்ணுல நிக்குது. ஆனா இப்ப எல்லாரும் படத்த காட்டறாங்களே, கெளம்புன்னுதான் இருக்கு. என் போன் தண்ணில போயிடுச்சி. அவசரத்துல தப்பா படிச்சிட்டேன் போல."

அடுப்பங்கரையில் யாரோ இருந்தார்கள் போல, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு ஒரே கேள்விதான் கேக்கறாரு. கெளம்புன்னு போட்டிருக்கு, நீ ஏன்டி கெளம்பலன்னு. அதுக்கப்புறம் பேசறதில்ல. நாத்தனாரு பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, எல்லார் முன்னாடியும், தூக்க சோம்பப்பட்டுக்கிட்டு எங்கம்மாவ கொன்னுட்டான்னு சொல்லிட்டாங்க. பத்தாவது படிச்சவ மேடம் நான். நாலு வரி படிக்கத் தெரியாம போச்சே எனக்கு."

காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். இறப்பு நடந்த வீடு, நானே கொஞ்சம் பாலும் பழமும் வாங்கிப் போயிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று படியையும் இறங்கினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்.


டிசம்பர் 19, வெள்ளி

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். காய்ச்சல் இல்லை.


டிசம்பர் 21, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதலில் போனில் என் கணக்கைத் திறந்து அந்த நகலைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு குணவதியைச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்புறம், "ஊர்ல நூறு பேரு புளுகுறான் மங்கை. ஒருத்தனுக்காச்சும் இப்பிடித் தூக்கம் கெட்டுதா?" என்றார்.

"அவங்களயெல்லாம் யாரும் நம்பலிங்க. என்னத்தான் அவ நம்புனா."

"சொன்னா அந்தப் பொண்ணு உன்ன சும்மா விடுமா? புருஷன்காரன் வேன் ஓட்டறவன்ற. கை நீட்டிட்டான்னா?"

"நீட்டட்டும்."

அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார். "மொதல்ல அரங்கத்துல போடு. ஊருக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிடும். நேர்ல போக வேணாம்" என்றார். பயந்த மனுஷன். எனக்கும் அந்த வழி சுலபமாகத் தெரிந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.


டிசம்பர் 22, திங்கள்

காலை பத்து மணிக்குப் போட்டேன். தயார் பதில் இல்லை, புதிதாக, முழுசாக எழுதினேன். அந்தப் படம் பொய். நான் கிளம்பச் சொல்லவில்லை. வீட்டிலேயே இருக்கலாம் என்றுதான் சொன்னேன். மட்டத்தைக் கேட்காமல், காலை எண்ணைப் போட்டேன். நான் சொன்னதை நம்பி இருந்த ஒரு வீட்டில் உயிர் போயிருக்கிறது. தப்பு என்னுடையது. நான் சாரும் இல்லை, அறுபத்தைந்து வயதுப் பெண். என் கணக்கில் இருந்த நகலையும் படமாகச் சேர்த்தேன்.

பதினொரு மணிக்குள் எண்பது பதில்கள்.

"அளவுகோல் சார் கணக்கை எவனோ திருடிட்டான்." "சார் பொம்பளையாம், டேய், கொஞ்சம் நம்பற மாதிரி புளுகுங்கடா." "அந்த நகல் எடிட் பண்ணது, எழுத்து வித்தியாசமா இருக்கு." "சார் பேரைக் கெடுக்கறதுக்கு எவ்வளவு வாங்கின?"

நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். விரல் விண் விண் என்று தெறித்தது. சொல்லச் சொல்லக் கூடினார்கள். ஆறு வருடமாக நான் யார் யாருடைய புளுகையெல்லாம் அடித்தேனோ, அந்த முதலைக்காரன், சுரங்கக்காரன் உட்பட எல்லோரும் எனக்காக என்னோடு சண்டை போட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கரைக்காவல் வந்தான். என் பழைய பதில் எதையோ சேமித்து வைத்திருக்கிறான். என் வாக்குமூலத்துக்கு நேர் கீழே ஒட்டினான்.

"இது வதந்தி, நம்ப வேண்டாம்."

என் வாக்கியம். என் கால்புள்ளி. முந்நூறு பேர் அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நிர்வாகிகள் என் கணக்கை அரங்கத்தில் எழுத முடியாமல் முடக்கிவிட்டார்கள். அளவுகோலின் நல்ல பெயரைக் காப்பாற்றவாம்.

சிரிப்பு வந்தது. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.


டிசம்பர் 23, செவ்வாய்

எழுதத்தான் முடக்கியிருக்கிறார்கள். என் கணக்குக்குள் போய்ப் பார்க்க முடிகிறது. நகல் அப்படியே இருக்கிறது. நவம்பர் 27, மணி 1.40. அவள் கேள்வியும் அதற்கு மேலேயே இருக்கிறது. பத்து முறை பார்த்தேன்.


டிசம்பர் 24, புதன்

போனேன். இவர் கூட வருகிறேன் என்று சட்டை மாட்டிக்கொண்டார். பால் பூத் வரைக்கும் வாருங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றேன்.

வாசலில் வேன் நின்றது. குணவதி திறந்தாள். "வாங்க மேடம். அளவு சரியா வரலியா?" என்றாள்.

"இல்லம்மா. அளவு தப்பாப் போச்சு" என்றேன். படியில் நின்றபடியே போனைத் திறந்து அவளிடம் நீட்டினேன். "அந்த அளவுகோல் சார் நான்தான். இத படி. மெதுவாப் படி."

வாங்கினாள். முதலில் அவள் கேள்வியைப் படித்தாள். கூப்பிடட்டுமா என்ற இடத்தில் உதடு அசைந்தது. அப்புறம் கீழே. ஒரு முறை படித்தாள். விரலை வைத்து வரி வரியாக இன்னொரு முறை படித்தாள். நான் காலையில் மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் சொன்னேன். தூங்கினதைச் சொன்னேன். ஏகாம்பரத்தின் மூன்று அழைப்பைச் சொன்னேன். என்னை மன்னி என்று சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது.

தலையை நிமிர்த்தினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, பார்வை என்னைத் தாண்டித் தெருவில் எங்கோ இருந்தது.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்றாள்.

போனோடு உள்ளே ஓடினாள். "என்னங்க. எழுந்திரிங்க. இங்க பாருங்க, நான் சரியாத்தாங்க படிச்சேன்." கட்டில் கிறீச்சிட்டது. ஆண் குரல் ஏதோ முனகியது. அவள் படித்துக் காட்டத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பது போல நிறுத்தி நிறுத்தி. ஆலந்தாங்கல் ஏரியின் மட்டம் பதினாலு புள்ளி எட்டு அடி. முழு மட்டம் பதினெட்டு அடி. கரை பலமாக இருக்கிறது. பயப்படாமல் வீட்டிலேயே இருக்கலாம்.

எத்தனையோ நூறு முறை ஒட்டிய பதில். அதைக் குரலில் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை குரல் உயர்ந்தது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். எதிரே பால் பூத்தருகில் இவர் என்னைப் பார்த்து, வா, வந்துவிடு என்று கை காட்டினார். உள்ளேயிருந்து ஆண் செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்தது. நான் இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டேன்.